பகல் இரண்டு மணிக்கு வருகிறவன்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். மற்றவன் என் தம்பி. அவனைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவனைத்தான் முதலில் வளர்த்தேன். அம்மா அவனைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றிருந்தது. ஆகவே எழுத்துகள் எனக்கு ஓடி வராது, ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். இரண்டு கிழமையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவசரம் இல்லை.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு சினிமா நடிகனைப் பற்றி. வெள்ளைக்காரன். கறுப்பு வெள்ளைப் படங்களில் நடித்தவன். அவனுடைய பெயர் என் வாயில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. பேத்தி சொல்லித் தருவாள், நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் யுத்தம் முடிந்த வருஷம் அவன் எங்கள் வீட்டுக்குப் பகல் இரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்தான்.

அப்போது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஓரத்தில் மல்வேர்ன் என்ற இடத்தில், ஒரு வாடகைக் கட்டிடத்தின் பதினோராவது மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் இளைய மகள், மருமகன், பதினொரு வயதுப் பேத்தி. மகளும் மருமகனும் விடிய முதல் பஸ் ஏறி வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போவாள். பிறகு வீட்டில் நானும் ஹீற்றரின் சத்தமும்தான். யன்னலுக்கு வெளியே பனி மேலிருந்து விழுவதில்லை. பதினோராவது மாடியில் அது பக்கவாட்டில் போகும், சில நேரம் கீழேயிருந்து மேலே போகும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டிடமே மெல்ல எங்கேயோ இறங்கிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

தம்பி வன்னியில் இருந்தான். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். கலியாணம் கட்டவில்லை. தை மாதம் ஒரு நாள் ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, நாங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிடப் போறம். எங்கை எண்டு தெரியாது. இனி லைன் கிடைக்காது. யோசிக்காதேங்கோ."

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேறை கேள்வியே இல்லையோ," என்று சிரித்தான். லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மாசி போனது, பங்குனி வந்தது. ஒன்றும் இல்லை.

மகள் எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். "அம்மா, தனிய இருக்கேக்கை தமிழ்ச் செய்தி பாக்காதேங்கோ. பிரஷர் கூடும். நாங்கள் வந்தாப் பிறகு சேர்ந்து பாப்பம்." ஆகவே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்தி இல்லாத இடமாகத் தேடித் தேடி அமத்தினேன். சமையல் வந்தது, பனிச்சறுக்கு வந்தது. பிறகு பழைய இங்கிலீஷ் படங்கள் மட்டும் போடும் ஓர் இடம் வந்தது. அங்கே நின்றேன். கறுப்பு வெள்ளையில் ஒரு சத்தமில்லாத தன்மை இருக்கிறது. துப்பாக்கி வெடித்தால்கூடத் தூரத்தில் வெடிப்பது போல இருக்கும்.

ஒரு கதவு திறந்தது. வெளியே மழை. ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே கூப்பிடும்வரை வரமாட்டான் போல நின்றான். இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மெல்லிய மீசை. பின்னுக்கு வாரிய தலைமயிர். தலையைக் கொஞ்சம் சரித்து, ஒரு சிரிப்பைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

நான் கதிரையிலிருந்து எழும்பி, "உள்ளுக்கை வா, நனையாதை," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

என் தம்பி அப்படித்தான் நிற்பான். எங்கே போனாலும் வாசலில் அப்படி ஒரு நிலை. என்னிடம் அவனுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. போட்டோக்கள் வைத்திருந்த பெட்டியை, இடம்பெயர்ந்து போனபோது, பாரம் என்று சொல்லி வழியில் இறக்கி வைத்தவள் நான்தான். நாளைக்குத் திரும்பி வந்து எடுக்கலாம் என்று ஒரு மதிலோரம் வைத்தேன். அந்த நாளை வரவில்லை. பிறகு மகள் என்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்டாள். தம்பியைக் கண்டு பதினாலு வருஷம். இப்போது அவன் என் கண்ணுக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் இரண்டு மணிக்கும் பார்த்தேன். வந்தான். அந்தக் கிழமை முழுக்க அந்த நடிகனின் படங்கள்தான் போல. அடுத்த கிழமையும் வந்தான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். நான் பதினொரு மணிக்கே சமையலை முடித்து, முகம் கழுவி, சேலையை மாற்றிக் கட்டி, ஒன்றரைக்கெல்லாம் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன். ஆரோ வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் அப்படித்தானே. அவன் வந்தால் தம்பிக்கு அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு எண்ணம் எனக்குள் வந்து குந்திக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் கூட்டிப் போவார்கள்.

ஒருநாள் படத்தில் அவனைச் சுட்டுவிட்டார்கள். ஒரு படிக்கட்டில் சாய்ந்து இருந்தான், அவ்வளவுதான், பிறகு எழும்பவில்லை. நான் ரிவியை நிற்பாட்டிவிட்டு இரவு வரை ஒன்றும் சாப்பிடவில்லை. மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் இரண்டு மணிக்குப் பயந்து பயந்து அமத்தினேன். ஒரு ரயில் வந்து நின்றது. புகைக்குள்ளிருந்து அவன் பெட்டியோடு இறங்கி வந்தான். ஒரு கீறலும் இல்லை.

அன்றைக்குப் பேத்திக்குப் பள்ளிக்கூடம் இல்லை. என் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அம்மம்மா, இவர் செத்திட்டார்."

"நேற்றுத்தான் செத்தவர். இண்டைக்கு எழும்பி வந்திட்டார், பார்."

"இல்லை, ரியலா. அம்மா பிறக்க முதலே செத்திட்டார்."

"அப்ப இது ஆர்?"

"இது அவர் விட்டிட்டுப் போனது," என்றாள்.

அந்தக் கிழமை அவள் லைப்ரரியிலிருந்து ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தாள். பழைய நடிகர்களைப் பற்றியது. அதில் அவனுக்கு நாலு பக்கம் இருந்தது. அவள் இங்கிலீஷில் வாசித்து எனக்குத் தன்னுடைய தமிழில் சொன்னாள். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடினவன். மரம் வெட்டினான், லொறி ஓட்டினான். அவனுக்குப் பேச்சுத் திக்கும். நடிக்க வந்த புதிதில் வசனம் வந்தால் வேர்த்துப் போவான். அதனால் படம் எடுக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுத் தன் வசனங்களை வெட்டி வெட்டி எறியச் சொன்னான். நாலு பேர் கதைக்கிற இடத்தில் இவன் சும்மா நின்றான். சும்மா நிற்கிறதுதான் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது. எனக்கு ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாமல் அவனை மட்டும் விளங்கியது இதனால்தான் என்று அப்போது தெரிந்தது.

புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு அவன் முகம் இருந்தது. தொப்பி இல்லை. பேத்தியிடம் சொல்லி அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுப்பித்து வைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம் எங்கள் சனம் எல்லாம் நகரத்தின் நடுவுக்கு, டவுன்ரவுனுக்கு, போய்ப் பெருந்தெருவில் நின்றது. யுத்தத்தை நிற்பாட்டச் சொல்லி நின்றோம். நாங்கள் இருந்த ஸ்காபரோப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். காணாமல் போனவர்களின் போட்டோவைப் பெரிதாக்கி, மட்டையில் ஒட்டி, ஆளுக்கொன்று தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். ஒரு மண்டபத்தில் மேசை போட்டு ஒரு பெண்பிள்ளை போட்டோக்களை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கட ஆக்களின்ரை போட்டோ இருக்கோ?"

எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தார்கள். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தாயில்லாப் பிள்ளையைத் தாயாக இருந்து வளர்த்தவள் என்று ஊரெல்லாம் பேர் எடுத்தவள், அவனுடைய முகத்தை வழியில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கைப்பையைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்து நீட்டினேன். அவள் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் வெள்ளைக்காரனும் நாங்களும் ஒரே நிறம்தான்.

"பழைய போட்டோ போல."

"ஓம். இளமையிலை எடுத்தது."

தம்பியின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். கீழே பெரிய எழுத்தில் அந்தப் பெயர் வந்தது. நான் பொய் சொன்னேன் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. அவனைக் கண்டவர்களுக்கு அவனைத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

தெருவில் என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்காபரோவிலேயே வோபர்ன் என்ற இடத்திலிருந்து வருகிறவள். மகனைத் தேடுகிறாள். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட தம்பி நல்ல வடிவு. சினிமாக்காரன் மாதிரி," என்றாள்.

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை," என்றேன்.

நாலு நாள் நின்றேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பேத்தியும் என்னோடு வந்திருந்தாள். வெயில் இருந்தது, ஆனால் காற்றுக் குளிர். சனம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நின்றால் ஒரு கட்டத்தில் சத்தமே கேட்காது, தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருக்கும். அப்படி நிற்கும்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஊன்றுகோலோடு எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். என் முன்னால் நின்றார். மட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு பேத்தியிடம் ஏதோ சொன்னார்.

பேத்தியின் முகம் மாறிப்போனது. "அம்மம்மா, இவருக்கு அவரைத் தெரியுமாம்," என்று மெல்லச் சொன்னாள்.

அவள் மெல்லத்தான் சொன்னாள். ஆனால் வோபர்ன்காரியின் காதில் விழுந்துவிட்டது.

"என்னவாம்? தம்பியைத் தெரியுமாமோ? அப்ப வன்னிக்குப் போன வெள்ளைக்காரரோ?" அவள் அடுத்தவளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளே, இந்த ஐயா அக்காவின்ரை தம்பியைக் கண்டவராம்."

அது வரிசையில் ஓடியது. நான் வாய் திறக்க முதல் ஓடிவிட்டது. அங்கேயிருந்து வந்தவர், கண்டவர் என்று. பெண்கள் தங்கள் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவரைச் சுற்றினார்கள். "ஐயா, இவனைக் கண்டனீங்களோ?" "இது மகள், இரண்டு பிள்ளையள்." "இவர் ஆசிரியர், கண்ணாடி போட்டிருப்பார்." எல்லாரும் தமிழில்தான் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் விலகிப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு போட்டோவாகக் கிட்ட வாங்கி, அவசரமில்லாமல் பார்த்து, தலையை ஆட்டினார். இல்லை. அடுத்தது. இல்லை.

வோபர்ன்காரியின் முறை வந்தது. அவள் மட்டையை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் வாழ்க்கையில் தலையைக் குனிந்ததில்லை. புருஷன் செத்தபோதுகூட நிமிர்ந்துதான் நின்றேன். அந்த இடத்தில் என் கழுத்து தானாக மடங்கியது.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "இவர் எங்கட ஆக்களைக் கண்டவரில்லை. இது என்ர தம்பியுமில்லை. இது ஒரு சினிமா நடிகன். என்னட்டை என்ர தம்பியின்ரை போட்டோ இல்லை."

ஒரு கிழவி, "உதுக்கு ஏனம்மா பொய் சொன்னனீ?" என்று கேட்டுவிட்டுத் தன் மட்டையைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனாள். மற்றவர்களும் போனார்கள். வோபர்ன்காரி போகவில்லை. தன் மட்டையை என் பக்கம் திருப்பினாள். அதில் பள்ளிக்கூடச் சேட்டுப் போட்ட ஒரு சின்னப் பெடியன்.

"இவனுக்கு இப்ப முப்பத்திரண்டு வயது," என்றாள். "என்னட்டை இருக்கிறது இதுதான். இதை வைச்சு ஆர் அவனைக் கண்டுபிடிக்கப் போகினம்?" பிறகு அவளும் திரும்பி நின்றுகொண்டாள்.

பேத்தி கிழவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. அங்கே ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது, பூச்செடிக்குக் கட்டியது. அதில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். மட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பேத்தியைப் பார்த்துக் கதைத்தார். அவள் எனக்குச் சொன்னாள்.

அவருக்கு ஆறேழு வயதிருக்கும்போது நடந்ததாம். அதுவும் ஒரு யுத்தம் முடிந்த வருஷம், வெள்ளைக்காரர்களின் பெரிய யுத்தம். அந்த நடிகன் நடிப்பை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ரொறன்ரோவுக்கு ஒருதரம் வந்தானாம். ரயிலால் இறங்கினபோது சனம் நெரிந்ததாம். அம்மா தன்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினாராம். எல்லாரும் கை அசைத்தார்களாம், நடிகன் மட்டும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றானாம். என்ன எடுப்பு, என்ன திமிர் என்று அம்மா ஏசினாராம்.

"சண்டையிலை அந்தக் கையிலை காயமாம், அம்மம்மா. நெடுகலும் ஷேக் பண்ணுமாம். அதை மறைக்கத்தான் பொக்கெற்றுக்குள்ளை விட்டவராம். கனகாலம் ஒருத்தருக்கும் தெரியாதாம். எல்லாரும் ஸ்டைல் எண்டு நினைச்சினமாம்."

அதற்குப் பிறகு வந்த படங்களில் எல்லாம் அவன் அப்படியே நின்றானாம். ரொறன்ரோவில் இருந்த பெடியன்கள் எல்லாரும் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்களாம். தானும் நடந்தாராம், பையில்லாத காற்சட்டையோடு. இதைச் சொல்லும்போது கிழவர் எழும்பி, ஊன்றுகோலை வலது கையில் பிடித்து, இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, தலையைச் சரித்துக் காட்டினார். எழுபது தாண்டின மனிதர். என் தம்பி நின்றான்.

தம்பி இளவயதில் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வந்து அதில் வந்த கதாநாயகனைப் போல நின்று காட்டுவான். அந்தக் கதாநாயகன் எங்கே பழகினான்? அவன் பார்த்த எவனிடமோ பழகியிருப்பான். அந்த எவனோ இவனைப் பார்த்திருப்பான். ஒருவனுடைய நடுங்கின கை கடல் எல்லாம் தாண்டி வந்து, யாரோ ஒரு சைக்கிள்காரனுக்கு நிற்கப் பழக்கியிருக்கிறது. பிள்ளைகுட்டி இல்லாமல், மூன்று கலியாணமும் முறிந்து, ஐம்பத்தைந்து வயதில் சுவாசப்பை பழுதாகிச் செத்தவன் என்று கிழவர் சொன்னார். மிச்சம் இருந்தது இந்த நிலைதான். அது மட்டும் சாகாமல் வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கிழவர் மட்டையைத் திருப்பித் தந்தார். நான் படம் உள்ளே வரும்படி மடித்தேன். அதற்குப் பிறகும் தெருவுக்குப் போனேன், வெறுங்கையோடு.

வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். மருமகன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சப்பாத்தைப் போட்டவர் கழற்றாமல் சோபாவில் இருந்தார். மகள் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. இரண்டு மணிக்கு என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. அவன் ஒரு நீண்ட தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் கதை விளங்காமல் அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி மாதம் கொம்பியூட்டரில் மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. வவுனியாவில் முகாம்களுக்குள் போய்வருகிற ஒருவர் எழுதியிருந்தார். முகாமில் ஒருவர் இருக்கிறார், கனடாவில் அக்கா இருப்பதாக இந்தப் பெயரைச் சொல்கிறார், உங்கள் ஆள் என்றால் உடனே எழுதுங்கள், பதிவுக்கு உதவும். கூடவே ஒரு போட்டோ.

மகள் என்னைக் கதிரையில் இருத்திக் காட்டினாள். ஒரு கிழவன். மொட்டைத் தலை. வாயில் பல் இல்லாமல் கன்னம் உள்ளே போயிருந்தது. நரைத் தாடி. இரண்டு கையையும் முழங்காலில் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தான். கண் எங்கேயும் பார்க்கவில்லை.

"இது அவனில்லை," என்றேன்.

"மாமி, வடிவாப் பாருங்கோ," என்றார் மருமகன்.

"என்னத்தைப் பாக்கிறது? என்ர தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. உந்தக் கிழவனுக்கு எழுபது இருக்கும்."

"கஷ்டப்பட்ட ஆக்கள், மாறியிருப்பினம், அம்மா," என்றாள் மகள்.

"நான் வளர்த்த பிள்ளையை எனக்குத் தெரியாதோ? என்னை விட உனக்குத் தெரியுமோ?"

வேறு ஆளின் பெயரைச் சொல்லுகிறவர்களும் இருப்பார்கள் என்று மருமகன் மெல்லச் சொன்னார். மகள் பதில் எழுதினாள். எங்கள் ஆள் இல்லை.

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. உயிரோடு இருந்தவனை இல்லை என்று சொல்லிவிட்டு, செத்தவனுக்காக நான் இரண்டு மணிக்கு முகம் கழுவி உட்கார்ந்திருந்தேன்.

இருபதாம் நாள் அதே மனிதர் திரும்ப எழுதினார். அந்த ஆளிடம் பதிலைச் சொல்ல மனம் வரவில்லையாம். பதில் இன்னும் வரவில்லை, அக்கா அடையாளம் பிடிக்கக்கூடியதாக ஏதும் சொல்லு என்று கேட்டாராம். அதற்கு அந்த ஆள் சொன்னதை மகள் வாசித்தாள்.

"முகத்தை விடச் சொல்லுங்கோ. அது முடிஞ்சுது. இடது காதைப் பாக்கச் சொல்லுங்கோ. அக்கா திருகின காது."

அவனுடைய இடது காது மற்றதைவிட வெளியே தள்ளி நிற்கும். சின்னவனாக இருக்கும்போது நான் திருகித் திருகித்தான் அப்படி வந்தது என்று வாழ்க்கை முழுக்க என்னைக் குற்றம் சொன்னவன். பிறவியிலேயே அப்படித்தான். பேத்தி போட்டோவைப் பெரிதாக்கினாள். தாடி போனது, வாய் போனது, கண் போனது, காது மட்டும் கொம்பியூட்டர் முழுக்க வந்து நின்றது. நான் விரலை வைத்தேன். கண்ணாடி சூடாக இருந்தது.

"இப்ப எழுது," என்றேன். மகள் முதலே எழுதத் தொடங்கியிருந்தாள்.

ஐப்பசியில் ஆரோ கொடுத்த ரெலிபோனில் அவன் குரல் வந்தது. பல் இல்லாததால் சொற்கள் காற்றோடு வந்தன.

"அக்கா, உங்கட கடிதம் வர இருபது நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் கம்பிவேலியடியிலை பேர் கூப்பிடுவாங்கள். போய் நிண்டிட்டு வருவன். கனடா அவ்வளவு தூரமோ?"

"தூரம்தான்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு சாப்பிட்டியோ என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

அந்த நடிகனைப் பிறகும் பார்த்தேன். ஆனால் அவன் தம்பியாக வரவில்லை, தானாகத்தான் வந்தான். வசனத்துக்குப் பயந்த ஒரு மனிதன், கையை ஒளித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவனும் பாவம், சண்டையிலிருந்து திரும்பி வந்து, தான் திரும்பிய மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே வா என்று இப்போதும் சொல்லத் தோன்றும். சொல்வதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த இடத்தில் வேறு ஏதோ போடத் தொடங்கிவிட்டார்கள்.

தம்பிக்கு இப்போது அறுபத்தேழு. வவுனியாவில் இருக்கிறான். பல் கட்டியிருக்கிறான். சைக்கிள் கடை இல்லை, மோட்டார்சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் கதைப்பான். போன மாதம் அங்கே ஒரு கலியாண வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சொன்னானாம், அதை எனக்கும் சொன்னான்: "என்ர அக்கா கடலுக்கு அங்காலை இருந்து என்ர காதைப் பாத்தே என்னைப் பிடிச்சவ. ஒரு செக்கன் யோசிக்கேல்லை. வளர்த்த கண் எண்டால் அப்பிடித்தான்." அங்கே இருந்தவர்கள் கண் கலங்கினார்களாம்.

எனக்கு வந்த பேரை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உழைத்து வாங்கின பேர். இது உழைக்காதது. இதைத் தலையில் வைத்துக்கொண்டு நான் போக மாட்டேன். ரெலிபோனில் சொல்ல மூன்று ஞாயிறு முயன்றேன். அவன் சிரிக்கத் தொடங்கினால் எனக்கு வாய் வராது. அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கி எழுதினேன்.

பேத்திக்கு இப்போது இருபத்தாறு வயது. மிசிசாகாவில் வேலை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுது அழுது போனவள், ஆனாலும் என் எழுத்தை வாசிக்க இந்த வீட்டில் அவளால்தான் முடியும். இப்போது காரை நிற்பாட்டிவிட்டு மேலே வந்து, கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் நிற்கிறாள்.

இரு, பிள்ளை. முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நாளைக்கு அவனுக்கு நீதான் ரெலிபோனிலை வாசிக்கப் போறாய். ஆறுதலா வாசி. அந்தப் பத்தொன்பது நாள் வாற இடத்திலை குரலைக் குறைக்காதை.